முள்ளும் மருந்துமலையும்: ஏமி கார்மைக்கேலின் தியான எழுத்துகள்

மேலைநாட்டார் கண்ட நீலகிரி முதற்கண் ஒரு மருந்து. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி, 1822இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கிய பின்னர், சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த படைவீரரும் அலுவலரும் உடல் தேறுவதற்கென்றே அங்கு வந்து தங்கினர். 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த சின்கோனா இம்மலையில் ஊன்றப்பட்டது. அதன் பட்டையிலிருந்து முறைக்காய்ச்சலுக்கு மருந்து வடித்தனர். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றி, வெறிநாய்க்கடியுற்றோர்க்குப் புகலிடமாயிற்று. மலையேறினால் நலம் பெறலாம் என்னும் எண்ணம் ஆங்கிலேயர் காலத் தென்னிந்தியாவில் ஏறக்குறைய ஒரு நம்பிக்கைக் கோட்பாடாகவே வேரூன்றியிருந்தது.

கோடையில் மலையேறிய சமயத்தொண்டருள் ஒருவர் ஏமி கார்மைக்கேல் (1867–1951). அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரைத் தம் ஊராக்கிக் கொண்ட இவ்வம்மையார்க்கு உதகையில் ஹாப்வுட் என்னும் மூதாட்டியின் இல்லம் தாய்வீடு போன்றிருந்தது. 1909இல் வெளிவந்த இவருடைய 'லோட்டஸ் பட்ஸ்' என்னும் நூலுக்குக் குழந்தைகளின் நிழற்படங்களை எடுத்தளித்தவர் உதகையில் தொழில் நடத்திய பென் என்னும் படப்பிடிப்பாளர். தோடர், படகர் வாழ்வையும் நீலகிரிக் காட்சிகளையும் படமாக்கிப் புகழ்பெற்ற கலைஞர் அவர். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் இடரிலிருந்து மீட்கப்பெற்ற சிறுமியரின் முகங்களை அக்கலைஞரின் கண்வழியே அந்நூல் உலகுக்குக் காட்டியது.

ஆயின், துன்பத்தைப் பற்றி இவர் எழுதியவற்றுள் நின்று நிலவும் நூல்கள் மலையில் பிறந்தவை அல்ல. மலை ஏற இயலாத நிலையில் பிறந்தவை. 1931 அக்டோபர் 24ஆம் நாள், டோனாவூரை அடுத்த களக்காட்டில், பணிக்கென எடுத்த வீடொன்றைப் பார்வையிடச் சென்றவர், மாலை இருளில் அங்கே வெட்டப்பட்டிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது, முதுகெலும்பும் ஊறுபட்டது. அன்று முதல் 1951 ஜனவரி 18இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறையே அவருக்கு உலகமாயிற்று. பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அவ்வறையிலிருந்து வெளிவந்தன. அவற்றுள் துன்பமும் ஆறுதலும் பற்றிய மூன்றினை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறேன்: 1933இல் வந்த 'ரோஸ் பிரம் பிரையர்', 1935இல் வந்த 'கோல்ட் பை மூன்லைட்', இறந்தபின் 1955இல் தொகுக்கப்பெற்ற 'எட்ஜஸ் ஆப் ஹிஸ் வேஸ்'. முறையே முட்புதரின் ரோஜா, நிலவொளியில் பொன், அவர் வழிகளின் விளிம்புகள் என அவற்றைத் தமிழில் வழங்கலாம். இறுதி நூல் நாளுக்கொரு பகுதியாக ஆண்டு முழுமைக்கும் வகுக்கப்பட்ட தியான நூல்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சமய நூல்களைப் பற்றித் தமிழ்த்துறை ஏடு ஆராய்வானேன் என்று கேட்பார் இருக்கலாம். இரண்டு காரணங்களைக் கூறுவேன். தமிழ்நாட்டில் நாள்தோறும் மிகுதியாகப் படிக்கப்பெறும் உரைநடை வகைகளுள் கிறித்தவரின் நாள் தியானமும் ஒன்று. நாம்தான் அதனை இலக்கியமாக எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டாவது, அவ்வகை எழுத்தின் தலையாய குறையையும் அக்குறையினின்று தப்பும் வழியையும் கார்மைக்கேலின் நூல்களைப்போல் தெளிவாகக் காட்டும் சான்று எனக்கு வேறு கிடைக்கவில்லை.

வகையின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் ஊரில் மொராவியச் சபையார் 1731 முதல் ஆண்டுதோறும் நாளுக்கொரு திருமறை வாக்கியம் என்று தொகுத்து அச்சிட்டு வருகின்றனர். அச்சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள். ஆனால் இதன் வேர் இன்னும் பழையது. பாலைவெளியில் இசுரவேலர்க்குப் பெய்த மன்னா, அன்றன்றைக்கு வேண்டிய அளவே திரட்டத்தக்கது. மறுநாளைக்கென வைத்தது கெட்டுவிடும் என்று யாத்திராகமம் கூறும். நாளுக்கு நாள் என்னும் அளவே இவ்வகையின் உயிர். நம்மவர்க்கும் இது புதிதன்று. மார்கழித் திங்களில் திருப்பாவையையும் திருவெம்பாவையையும் நாளுக்கொரு பாட்டாகப் பொருந்த ஓதும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. எனினும் அவை ஊரை எழுப்பும் பாட்டுகள், கூட்டமாகப் பாடப்பெறுவன. நாள் தியானமோ தனியொருவர் தனியறையில் படிக்கும் உரைநடை. அத்தனியொருவர் நோயாளியாயின் அவ்வளவு இன்னும் பொருத்தமுடையதாகிறது. உடல் நலமுள்ளவன் ஆண்டுக் கணக்கில் திட்டமிடுவான். படுத்த படுக்கையாயிருப்பவனுக்கு விடிந்தால் ஒரு பகல், இருண்டால் ஓர் இரவு. அதற்கு மேற்பட்ட காலம் அவன் கையில் இல்லை.

இவ்வளவு பொருத்தமான வடிவம் பல கைகளில் பாழ்படுவது ஏன்? விடை காணுமுன் சில சொற்களை ஆராய்தல் வேண்டும்.

1871இல் நிறைவெய்திய பவர் குழுவினரின் தமிழ்த் திருமறை, கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகார முடிவில் 'விசுவாசம்', 'நம்பிக்கை', 'அன்பு' என மூன்றனை வேறுபடுத்திக் கூறும். பேச்சுத் தமிழில் 'நம்பிக்கை' என்பது முதலிரண்டையும் தழுவும். கடவுள்மேல் நம்பிக்கை என்கிறோம். நாளை மழை பெய்யும் என்ற நம்பிக்கை என்றும் சொல்கிறோம். மொழிபெயர்ப்பாளர் வடசொல் ஒன்றை ஒரு பொருளுக்கு ஒதுக்கிவிட்டு, தமிழ்ச்சொல்லை எதிர்நோக்குதலுக்கு நிறுத்திக் கொண்டனர். அறிந்து செய்தனரோ அறியாது செய்தனரோ, அது பழந்தமிழுக்கு நெருங்கிய தேர்வு. 'நம்பு' என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் நசை என்றே பொருள் கூறும். நசையாவது விருப்பம். எனவே நம்பிக்கை என்பது அடிப்படையில் விரும்பிக் காத்திருத்தல். காத்திருப்பவன் கையில் பொருள் இன்னும் வந்து சேரவில்லை என்பதும் அச்சொல்லுக்குள் அடங்கும்.

அடுத்து நலம் பெறுதலைக் குறிக்கும் சொற்கள். 'சொஸ்தம்', 'குணம்', 'சுகம்' என்பன திருமறைத் தமிழில் மாறி மாறி வருகின்றன. பெரும்பாடுள்ள பெண்ணைப் பற்றி மாற்கு கூறுமிடத்தில் இரட்சிப்பும் சுகமும் ஒரே வாக்கியத்தில் அமைந்துள்ளன. கிரேக்க மூலத்திலும் காத்தலையும் குணமாக்குதலையும் ஒருங்கே உணர்த்தும் வினைச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. இவ்விணைப்பிலிருந்து, விசுவாசம் இருந்தால் சுகம் வரும், சுகம் வராவிடின் விசுவாசம் இல்லை என்னும் எதிர்மறைக் கணக்கு ஒன்றைப் பிற்காலத்தார் வருவித்துக் கொண்டனர். மூலத்தில் முதற்பகுதிதான் உண்டு. இரண்டாம் பகுதி வருவித்தாரின் கைச்சரக்கு.

இவற்றினின்று வேறுபட்ட சொல் 'ஆறுதல்'. காய்ச்சிய பால் ஆறும், சினம் ஆறும், பசி ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். வெப்பம் தணிவதும் காயம் மூடுவதும் துயர் அடங்குவதும் தமிழுக்கு ஒரே வினை. ஆங்கிலத்தில் இதற்கு நேராக வழங்கும் சொல் வலிமையைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து வந்தது. கிரேக்கச் சொல் அருகழைத்தலைக் குறிக்கும். தமிழ்ச் சொல்லோ உடலில் தொடங்கி உள்ளத்திற்குச் செல்கிறது. கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில் பவுல், தாம் துன்பத்தில் பெற்ற ஆறுதலால் துன்புறும் பிறரை ஆற்றுவதைப் பற்றிப் பேசுமிடத்தில் இச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. புண் ஆறாத நிலையிலும் மனம் ஆறக்கூடும். புண் ஆறிய பின்னும் மனம் ஆறாதிருக்கக்கூடும். பின்னதை வள்ளுவர் நாவினாற் பட்ட வடுவைக் கொண்டு விளக்குவார். முன்னதே நம் ஆய்வுக்குரிய நூலின் பொருள்.

'ரோஸ் பிரம் பிரையர்' தோன்றிய வகை கவனிக்கத்தக்கது. டோனாவூர்த் தோழமையோடு தொடர்புடைய நோயாளிகள் சிலர் தமக்குள் ஓர் அணியாக இணைந்திருந்தனர். அவர்களுக்கு எழுதிய கடிதங்களே இந்நூலின் முதற்பொருள். நோயாளிகளுக்கென அச்சிட்ட சிறு வெளியீடுகள் பல தம் படுக்கைக்கு வந்ததையும், அவை தம்மைத் தொடாமற் போனதையும் ஆசிரியர் முன்னுரையில் கூறுகிறார். காரணமும் அவரே காட்டுகிறார்: அவை நலமுள்ளோர் நோயுற்றோர்க்கு எழுதியவை. தம் நூல் நோயாளி நோயாளிக்கு எழுதியது.

இதனை ஒரு தகுதிப் போட்டியாகக் கொள்ளுதல் பிழையாகும். நோயுற்றவரே நோயைப் பற்றி எழுதலாம் என்பது சட்டமானால், மருத்துவனும் செவிலியும் தாயும் வாய்திறக்க இயலாது. இங்கே வேறொன்று கருதப்படுகிறது. எழுதுபவர் எந்த இடத்தில் நின்று எழுதுகிறார் என்பதே அது. குணமடைந்தபின் திரும்பிப் பார்த்து எழுதுபவர்க்குத் தம் துன்பத்தின் முடிவு தெரியும். ஆகவே அதன் பொருளும் தெரிந்ததுபோல் தோன்றும். 1933இல் கார்மைக்கேலுக்குத் தம் முடிவு தெரியாது. தாம் எழுந்து நடமாடக்கூடும் என்ற எதிர்பார்ப்பு முற்றும் அற்றுவிடவில்லை. இன்னும் பதினெட்டு ஆண்டுகள் அவ்வறையிலேயே கழியும் என்பதும் தெரியாது. முடிவு தெரியாதவர் எழுதியது என்பதால்தான் அதிலுள்ள நம்பிக்கை, மேலே சொன்ன நசைப்பொருளில், நம்பிக்கையாக நிற்கிறது.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மாணவர்க்கு விளக்க நம் பக்தி இலக்கியத்திலேயே ஒப்பற்ற சான்று உளது. திருநாவுக்கரசர் சூலைநோயால் துடித்து அதிகை வீரட்டானத்தில் பாடிய முதற் பதிகத்தை எண்ணுக. அப்பதிகம் நெடுகிலும் வேண்டுகோளே உண்டு. நோய் நீங்கிற்று என்ற செய்தியை அதனுள் தேடினால் கிடைக்காது. அச்செய்தியை நமக்குத் தருபவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார். பதிகம் வலியின் நடுவில் நின்று கூவுகிறது. புராணம் கரையில் நின்று கதையை முடிக்கிறது. இரண்டும் வேண்டுவனவே. ஆனால் வலியில் இருப்பவன் வாய்க்கு வருவது பதிகம், புராணம் அன்று. நாள் தியானங்களிற் பல செய்யும் பிழை, பதிகம் பாட வேண்டிய இடத்தில் புராணம் படிப்பதே. முதற் பத்தியில் நோய், இரண்டாம் பத்தியில் செபம், மூன்றாம் பத்தியில் குணம் என்று கதை ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. படிப்பவரின் நோயோ அப்பக்கத்தோடு முடிவதில்லை.

இக்குறை ஏட்டளவில் நிற்பதாயின் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் குன்னூரை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் லைன் வீடுகளுக்கு நண்பரோடு சென்றிருந்தேன். ஒரு வீட்டில், நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்துக் கை ஓய்ந்த மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். வயிற்றில் தீரா நோய். அன்றைய தியானப் பகுதியை இளைஞர் ஒருவர் அருகமர்ந்து வாசித்தார். நல்ல மனம் உடையவர்; கனிவான குரல். குறைவற்ற விசுவாசம் உடையோர் நோயினின்று விடுபட்ட வரலாறு ஒன்று அப்பகுதியில் இருந்தது. வாசித்து முடித்ததும் மூதாட்டி, "அப்படீன்னா எனக்கு விசுவாசம் பத்தாதுங்களா தம்பி?" என்று கேட்டார். இளைஞர் விடை கூறவில்லை. வலிக்குமேல் ஒரு குற்றத்தையும் அப்பக்கம் அம்மூதாட்டியின் மேல் ஏற்றிவிட்டது. எழுதியவர் அதனைக் கருதியிருக்கமாட்டார். எனினும், ஒரு நூல் யார் கையிற் போய்ச் சேரும் என்று எண்ணாமல் எழுதுவது இவ்வகை எழுத்தில் சிறு குற்றமன்று.

கார்மைக்கேலின் நூலில் இத்தகைய கணக்கு இல்லை. குணம் வேண்டிச் செபித்தலை அவர் மறுப்பவர் அல்லர். அவருக்காகவும் பலர் வேண்டினர். குணம் கிட்டவில்லை. அதற்கு முன்னரே, தம் முதன்மைத் துணைவியாகிய பொன்னம்மாள் புற்றுநோயால் 1915இல் இறந்ததைக் கண்டவர் அவர். அங்கும் செபம் ஊக்கமாகவே நடந்தது. ஆதலின் கிட்டாத குணத்திற்குக் காரணம் கற்பிக்கும் முயற்சியை அவர் மேற்கொள்ளவில்லை. பவுலின் உடலில் தைத்த முள்ளையே மேற்கோளாக்குகிறார். மூன்று முறை வேண்டியும் அம்முள் எடுக்கப்படவில்லை. எடுக்கப்படாமை பவுலின் விசுவாசக் குறைவு என்று எவரும் துணிந்து கூறார். நூற்பெயரிலுள்ள முட்புதரும் இதனோடு இயைந்தது. முள்ளை ரோஜாவாக மாற்றும் அற்புதத்தை அந்நூல் பேசவில்லை. முள் முள்ளாகவே இருக்கிறது, அதன் நடுவில் ஒரு பூப் பறிக்கப்படுகிறது.

இதில் கூர்ந்து நோக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. டோனாவூரில் இத்தோழமையார் எழுப்பிய மருத்துவமனைக்குப் 'பரம சுக சாலை' என்று பெயர். சுகத்தையே பெயராகக் கொண்ட மனையின் அருகில் கிடந்து, சுகம் பெறாத ஒருவர் எழுதிய நூல் இது. கார்மைக்கேலின் சிந்தனையில் இவ்விரண்டும் மோதவில்லை. நீக்கக்கூடிய நோயை நீக்க அறுவை மருத்துவரும் மருந்தும் வேண்டும், அதற்கு மருத்துவமனை. நீங்காத நோயோடு வாழ ஆறுதல் வேண்டும்; அதற்கு நூல். ஒன்றன் பணியை மற்றொன்றன் தலையில் கட்டும்போதுதான் குழப்பம் விளைகிறது.

நோயை ஏற்றுக்கொள்ளும் இம்மனநிலைக்கும் தமிழில் ஒப்புமை தேடலாம். வள்ளுவரின் இடுக்கணழியாமை உடனே நினைவுக்கு வரும். ஆயின் அவ்வதிகாரம் ஆள்வினையுடைமையை அடுத்து, பொருட்பாலில் நிற்கிறது. இடுக்கணைக் கண்டு நகைப்பவன் எழுந்து செயலாற்ற வல்லவன். எழ முடியாதவர்க்கு அதைவிடக் குலசேகரர் நெருங்கியவர். வித்துவக்கோட்டுப் பதிகத்தில் அவர் காட்டும் நோயாளன், கத்தியும் சூடும் கொண்டு தன்னை வருத்தும் மருத்துவனிடத்திலேயே நீங்காத அன்பு கொண்டவன். கார்மைக்கேல் இப்பதிகத்தைப் படித்திருப்பார் என்று நான் கூற வரவில்லை. இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் கடுமை மிகுதி. 1903இல் வந்த 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' நூலில் அவர் கண்ட இருளெல்லாம் இங்குள்ள இருளே. பக்திப் பாடல்களின் ஒளி அவர் கண்ணுக்குப் பெரிதும் தப்பிற்று. ஆயினும் வலியை மறைக்காமல், வலியைத் தந்ததாகத் தோன்றும் கையையே பற்றிக்கொள்ளுதல் என்னும் நிலை இருவர்க்கும் பொதுவாக அமைந்திருத்தல் காண்க.

தமிழ்க் கிறித்தவரிடையே பதிக முறை அறவே இல்லாமற் போகவில்லை. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தினிடையே தேவாரம் என்ற பெயராலேயே வேண்டற் பாடல்களை அமைத்தார். கதை முன்செல்லும், இடையிடையே கதை நின்று நெஞ்சம் கரையும். தமிழ்க் கிறித்தவச் செய்யுள் இவ்வழியை அறிந்திருந்தது. பின்வந்த தியான உரைநடை அதனை மரபாகப் பெறாமற்போனது வருந்தத்தக்கது.

'கோல்ட் பை மூன்லைட்' பற்றிச் சில சொல்வேன். கடினமான பாதையில் நடப்போர்க்கென எழுதப்பட்ட இந்நூல், மலை, காடு, பள்ளம் முதலிய இயற்கைக் காட்சிகளின் நிழற்படங்களைத் துணைக்கொண்டு செல்கிறது. உதகைக் குளிரிலும் டோனாவூர்க்கு மேற்கேயுள்ள மலைக்காட்டிலும் உலவிய கால்கள் ஓய்ந்தபின், படத்தின் வழியே மலையேறுகிறார் ஆசிரியர். இம்மலைகள் மருந்துமலைகள் அல்ல. ஏறினால் நோய் தீரும் என்ற உறுதி எந்தப் படத்தின் அடியிலும் இல்லை. இருள் சூழ்ந்த இடம் இருளாகவே காட்டப்படுகிறது. அதனூடே ஒரு தடம் மட்டும் தெரிகிறது. எனினும் முந்திய நூலின் இறுக்கம் இதில் குறைவு. படம் கிடைத்ததால் பொருள் தேடியதோ என்று ஐயுறத்தக்க இடங்களும் உள.

'எட்ஜஸ் ஆப் ஹிஸ் வேஸ்' வேறொரு சிக்கலை எழுப்புகிறது. அறையிலிருந்து தோழமையின் உறுப்பினர்க்கு நாள்தோறும் எழுதியனுப்பிய குறிப்புகளே இதன் மூலம். இன்னார்க்கு இன்ன வேளையில் என எழுந்த சொற்கள் அவை. பணியில் சோர்ந்த செவிலி, குழந்தையை இழந்த காப்பாளர், கடிதத்தால் மனம் புண்பட்டவர் போன்றோர் அவற்றின் முன்னிலை மாந்தராய் இருந்திருப்பர் என ஊகிக்கலாம். தொகுத்தவர்கள் ஆண்டின் நாட்களில் அவற்றை வரிசைப்படுத்தியபோது முன்னிலை மறைந்து நாளெண் முன்வந்தது. ஆஸ்வால்ட் சேம்பர்ஸ் 1917இல் எகிப்தில் இறந்தபின், அவர்தம் மனைவியார் சுருக்கெழுத்துக் குறிப்புகளினின்று 1927இல் தொகுத்த புகழ்பெற்ற நாள் தியான நூலுக்கும் இதுவே நேர்ந்தது. பேச்சாயிருந்தது பக்கமாயிற்று. இதனால் பயன் விரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. டோனாவூர் அறியாதவரும் படிக்கின்றனர். ஆனால் ஒருவரை நோக்கிச் சொன்ன கண்டிப்பு எல்லாரையும் நோக்கிச் சொன்னதாக மாறும்போது, படுக்கையில் இருப்பவர்க்கு அது சுமையாகக் கூடும். குறிப்புகளில் சில கடுமையாய் ஒலிப்பதற்கு இம்மாற்றமே காரணம் என்பது என் கருத்து. நூற்பெயர் யோபின் 26ஆம் அதிகார இறுதியிலிருந்து எடுக்கப்பட்டது. நாம் அறிவது கடவுளின் வழிகளின் ஓரத்தை மட்டுமே என்பது அதன் கருத்து. ஓரத்தை மட்டும் கண்டவர் நடுவைப் பற்றித் துணிந்து விளக்கமாட்டார் என்ற அடக்கம் தொகுப்பின் சிறந்த பக்கங்களில் உண்டு.

இந்நூல்கள்மேல் சாட்டத்தக்க பெருங்குற்றம் ஒன்றுளது. அதனை மழுப்பலாகாது. ஏற்றுக்கொள்ளுதலில் அமைதி காணும் இப்போக்கு, ஏற்றுக்கொள்ளத் தகாத துன்பத்தையும் ஏற்கச் செய்யும் கருவியாகிவிடாதா? நீலகிரிக்கே திரும்பி வருவோம். 1964ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தத்திற்குப் பின், தலைமுறைகளாக இலங்கை மலைநாட்டில் உழைத்த தமிழர் பலர் கப்பலேறி வந்து, கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். அவர்தம் துன்பத்திற்குக் காரணம் முள் அன்று. இரண்டு அரசுகள் கையொப்பமிட்ட தாள். குறைந்த கூலி, ஒழுகும் கூரை, தொலைவிலுள்ள மருத்துவமனை ஆகிய துன்பங்களுக்கு முன்னால் அமைதி போதிப்பது மருந்தாகாது. நீக்கக்கூடிய துன்பத்தை நீக்காதிருத்தற்கு அது சாக்காகிவிடும்.

கார்மைக்கேலின் வாழ்க்கை இக்குற்றச்சாட்டுக்குப் பாதி விடை தருகிறது. சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை அவர் கடவுள் விதியென்று ஏற்று அமைதி காணவில்லை. 1901இல் தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒரு சிறுமியில் தொடங்கி, வாழ்நாள் முழுதும் அதனை எதிர்த்தார். வழக்குமன்றம் ஏறவும் பழி கேட்கவும் அஞ்சவில்லை. அவ்வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியபோது அவர் உயிரோடிருந்தார். தம் உடலின் முள்ளை ஏற்றவர், பிறர் உடலில் தைத்த முள்ளை ஏற்கவில்லை. இவ்வேறுபாடே அவர்தம் அறத்தின் உயிர்நிலை. ஆயின் அது அவர் வாழ்வில் உள்ள அளவுக்கு நோய்ப்படுக்கை நூல்களில் வெளிப்படையாக இல்லை. அவற்றை மட்டும் படிப்பவர் இவ்விரு வகைத் துன்பத்தையும் ஒன்றாக எண்ணி மயங்கக் கூடும். நூலை வாழ்வோடு சேர்த்துப் படிக்க வேண்டியிருப்பது நூலுக்கு ஒரு குறையே.

இன்னுமொரு குறை, சான்றுகளைத் தேடிய இடம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாயகம் திரும்பாமல் தமிழரிடையே வாழ்ந்து, தமிழ் பேசி, தமிழ்க் குழந்தைகளை வளர்த்தவர், ஆறுதலுக்கு மேற்கோள் தேடும்போது பெரும்பாலும் மேலைநாட்டுத் துறவியரையும் கவிஞரையுமே நாடுகிறார். அறையின் சுவருக்கு அப்பால் திருநெல்வேலித் தாய்மார் நோயையும் இழவையும் எவ்வாறு பாடி ஆற்றிக்கொண்டனர் என்பது அப்பக்கங்களில் அரிதாகவே ஒலிக்கிறது. பொன்னம்மாளைப் பற்றித் தனிநூலே எழுதிய அவர்க்கு அக்குரல்கள் தெரியாதவை அல்ல. ஆங்கில வாசகரை முன்னிறுத்தி எழுதியதால் நேர்ந்த இழப்பு என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

ஆகவே இந்நூல்களைத் தமிழில் தர முயல்வோர் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதோடு நின்றால் போதாது. குறிப்பாக, நலம் பெறுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வருமிடந்தோறும் 'சுகம்' என்றே எழுதிவிட்டால், ஆசிரியர் சொல்லாத உறுதிமொழியை அவர் வாயில் ஏற்றியவராவோம். இடம் நோக்கிச் சில இடங்களில் 'குணம்' என்றும், சில இடங்களில் 'ஆறுதல்' என்றும் பிரித்தெழுத வேண்டும். முதற்பதிப்பின் முன்னுரையைத் தவறாமல் சேர்க்க வேண்டும்; நோயாளி நோயாளிக்கு எழுதியது என்ற அறிவிப்பு இல்லாமல் படிக்கப்படும் 'ரோஸ் பிரம் பிரையர்' வேறொரு நூலாகிவிடும். நாள் தியானத் தொகுப்பைப் பெயர்ப்போர், எந்தக் குறிப்பு எவ்வகை நிலையில் இருந்தவர்க்கு எழுதப்பட்டது என்பதை டோனாவூர் ஏடுகளைக் கொண்டு அறிய முடியுமாயின், ஒரு வரியிலேனும் அதனைக் குறித்தல் நன்று. லைன் வீட்டில் படுத்திருந்த அம்மூதாட்டியின் கேள்வியை முன்வைத்து மொழிபெயர்ப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்தால், மாற்ற வேண்டிய சொற்கள் தாமே புலப்படும்.